வியர்வையில் விளைந்த இசை

இரண்டாமாண்டு பி.எஸ்ஸி. (இயற்பியல்)

மேலைநாட்டு ராக் இசை என்றதும் நம் நண்பர்கள் பீட்டில்ஸ் குழுவையே பேசுவர். ரோரி கேலஹரை அறிந்தோர் மிகச் சிலரே.

அயர்லாந்தின் பாலிஷானன் என்னும் சிற்றூரில் 1948 மார்ச் 2இல் பிறந்து, கார்க் நகரில் வளர்ந்தவர் ரோரி. 1963இல், தம் 15ஆம் வயதில், 100 பவுண்டு விலையுள்ள கிதார் ஒன்றைத் தவணையில் வாங்கினார். தவணையில் வந்த தையல் இயந்திரத்தை மிதித்தே என்னைக் கல்லூரிப் படியேற்றினார் என் அன்னை. எங்கள் வீட்டில் முதன்முதல் கல்லூரி கண்ட எனக்கு, அந்த 100 பவுண்டின் கனம் நன்கு விளங்குகிறது. மேடைதோறும் சிந்திய வியர்வையில் அக்கிதாரின் வண்ணப்பூச்சே உரிந்தது. ஆயினும் ரோரி அதைக் கைவிடவில்லை.

புகழுக்குக் குறுக்கு வழியாக இருந்த ஒற்றைப்பாட்டு இசைத்தட்டுகளை வெளியிட அவர் உடன்படவில்லை. எழுபதுகளில் வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரம் குண்டுவெடிப்புகளால் நடுங்கியது. கலைஞர் பலரும் அங்கே செல்ல அஞ்சினர். ரோரியோ மீண்டும் மீண்டும் சென்று, அல்ஸ்டர் மண்டபத்தில் வாசித்தார். வெளியே பகைத்து நின்ற கத்தோலிக்கரும் புராட்டஸ்டண்டினரும் உள்ளே ஒன்றாய் அமர்ந்து கேட்டனர்.

கல்லீரல் மாற்று அறுவைக்குப் பின் நேர்ந்த தொற்றால், 1995 ஜூன் 14இல், 47ஆம் வயதில் அவர் மறைந்தார்.

2024இல் அக்கிதார் எட்டு இலட்சம் பவுண்டுக்கு மேல் ஏலம் போயிற்று. 2025 ஜனவரியில் அல்ஸ்டர் மண்டபத்தருகே அவருக்குச் சிலை எழுந்தது. ஏலத்தொகையினும் சிலையே பெரிதென்பேன். அஞ்சாது வந்தவரை அந்நகரம் மறக்கவில்லை அன்றோ!