மருத்துவர் முத்துலட்சுமி

புதுக்கோட்டையில் 1886இல் பிறந்த முத்துலட்சுமி, பெண்களுக்குக் கல்லூரிக் கல்வி எட்டாக்கனியாக இருந்த காலத்தில், 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். சென்னை மாகாணச் சட்டமன்றத்தின் முதல் பெண் உறுப்பினராகித் தேவதாசி முறையை எதிர்த்து வாதிட்டார். அதனை ஒழிக்கும் சட்டம் 1947இல் நிறைவேறியது. விடுதிகளில் இடம் மறுக்கப்பட்ட சிறுமியர் தம் வீட்டு வாயிலில் வந்து நின்றபோது அடைக்கலம் தந்தார். 1930இல் அவ்வை இல்லம் உருவாயிற்று.

தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயர் அவர் நெஞ்சை விட்டு அகலவில்லை. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கடந்து, பிறர் ஓய்வை நாடும் அகவையில், அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையை நிறுவினார். 1954இல் 12 படுக்கைகளுடன் அது தொடங்கியபோது அவர் எழுபதை நெருங்கியிருந்தார். 1968இல், 81 அகவை நிறைந்த நிலையில் மறைந்தார். தம் இல்லத்தின் இழப்பைப் பிறர் இல்லங்களுக்குக் காவலாக மாற்றிய அவரது தொண்டு, அம்மருத்துவமனை வழியே இன்றும் தொடர்கிறது.