கரும்பு வெட்டப் போன தச்சர்

யுகுலேலே என்பது நான்கு தந்திகள் உள்ள சின்னஞ்சிறு வாத்தியம். பார்வைக்கு கிதாரின் குட்டி மாதிரி இருக்கும். கையில் எடுத்தால் அரைக் கிலோ கூட இராது. ஹவாய்த் தீவுகளின் படம் எதை எடுத்தாலும் கடற்கரை, தென்னை மரம், கழுத்தில் பூமாலை இவற்றோடு இதுவும் இருக்கும். ஆதிகாலம் முதலே அந்தத் தீவுக்காரர்கள் வாசித்து வந்த வாத்தியம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள்.

அது சரியல்ல. 1879-ம் ஆண்டுக்கு முன் யுகுலேலே என்ற ஒன்று ஹவாயில் கிடையாது. கரும்புத் தோட்ட வேலைக்கென்று கப்பலேறி வந்த மூன்று தச்சர்கள் செய்து கொடுத்தது அது. அந்த மூவரில் பெயர் நிலைத்துவிட்டவர் மானுவேல் நூனெஸ்.

திராட்சைக் கொடி பட்டது

அட்லாண்டிக் சமுத்திரத்தில் போர்ச்சுகல் நாட்டுக்குச் சொந்தமான மதீரா என்ற தீவு இருக்கிறது. திராட்சை மதுவுக்குப் பேர்போன இடம். நூனெஸ் 1843-ல் அங்கே பிறந்தார். மேஜை, நாற்காலி, அலமாரி செய்வது அவருடைய தொழில்.

1850-களில் அந்தத் தீவின் திராட்சைக் கொடிகளில் பூஞ்சை நோய் கண்டது. அதிலிருந்து தலையெடுத்துக்கொண்டிருந்தபோது, 1870-களில் வேரைத் தின்னும் பூச்சி வந்து சேர்ந்தது. கொடிகள் பட்டுப்போயின. தோட்டக்காரன் கையில் காசில்லாத ஊரில் அலமாரி செய்யச் சொல்ல யார் வருவார்கள்? தச்சனும் பட்டினிதான்.

அப்போது ஹவாய் தனி ராஜ்யம். அங்கிருந்து போகும் சர்க்கரைக்கு அமெரிக்காவில் வரி இல்லை என்ற உடன்படிக்கை 1876-ல் அமுலுக்கு வந்தது. கரும்புத் தோட்டங்கள் பெருகின. ஆனால் வெட்ட ஆள் இல்லை. வெளியிலிருந்து வந்த நோய்களால் தீவுவாசிகள் ஏராளமாக மாண்டுபோயிருந்தார்கள். ஆகவே மதீராவுக்கு ஆள் பிடிக்க ஏஜெண்டுகள் வந்தார்கள்.

கரும்பு உலகெங்கும் ஏழைகளை இழுத்த காலம் அது. 1860-ல் சென்னையிலிருந்து நம்மவர்கள் நேட்டாலுக்குக் கப்பலேறியதும் கரும்புக்காகத்தான். பிஜித் தீவுக்கு இந்தியத் தொழிலாளர்களின் முதல் கப்பல் போய்ச் சேர்ந்ததும் இதே 1879-ல்தான்.

அந்த ஆண்டு ஏப்ரல் மாதம் ரேவன்ஸ்கிராக் என்ற பாய்மரக் கப்பல் மதீராவிலிருந்து புறப்பட்டது. ஆண், பெண், குழந்தைகள் என்று நானூறு பேருக்கு மேல் அதில் இருந்தார்கள். பனாமாக் கால்வாய் வெட்டப்படாத காலம். தென் அமெரிக்காவின் தெற்கு முனையைச் சுற்றிக்கொண்டுதான் பசிபிக் சமுத்திரத்துக்குள் நுழைய வேண்டும். நான்கு மாதங்கள் தண்ணீரைத் தவிர வேறொன்றும் காணாமல் ஆகஸ்டு 23-ந் தேதி ஹானலூலு வந்து சேர்ந்தார்கள்.

கரையில் கால் வைத்ததும் ஜோவான் பெர்னாண்டஸ் என்ற பயணி மசேட்டே என்னும் தங்கள் ஊர்ச் சிறு வாத்தியத்தை எடுத்து, பிழைத்து வந்து சேர்ந்த சந்தோஷத்தில் வாசித்துப் பாடினார் என்பார்கள். மதீராக்காரர்கள் இரவு நேரங்களில் தெருவில் நடத்தும் கச்சேரிகள் ஜனங்களைக் கவர்வதாக இரண்டு வாரத்துக்குள் உள்ளூர்ப் பத்திரிகை எழுதியது.

அதே கப்பலில் வந்தவர்கள்தான் நூனெஸ், அகஸ்டோ டியாஸ், ஜோசே எஸ்பிரிட்டோ சாண்டோ என்ற மூன்று மரவேலைக்காரர்களும். இழைப்புளி பிடித்த கைகளில் அரிவாளைக் கொடுப்பதற்காக அழைத்து வரப்பட்டவர்கள்.

பழைய வித்தையும் புது வித்தையும்

தோட்ட வாழ்வு நெடுநாள் நீடிக்கவில்லை. 1880-களின் நடுவில் மூவரும் ஹானலூலு நகரில் பட்டறை வைத்துவிட்டார்கள். நூனெஸ் மேஜை நாற்காலியும் செய்தார், வாத்தியமும் செய்தார்.

அலமாரி செய்யத் தெரிந்தவனுக்கு வாத்தியம் செய்வது கஷ்டமா என்று தோன்றலாம். கஷ்டம்தான். அலமாரி பலமாக இருக்க வேண்டும். கனம் கூடினால் தவறில்லை. யுகுலேலேயின் மேல் பலகையோ சுமார் இரண்டு மில்லிமீட்டர்தான் இருக்கலாம். அதற்கு மேல் தடித்தால் தந்தியைத் தட்டினாலும் பெட்டி பேசாது. அதற்குக் கீழே போனால் தந்தியின் இழுப்புத் தாங்காமல் பலகை குழிந்துவிடும். எங்கே நிறுத்துவது என்பதை இழைக்கிறவனின் விரல்தான் சொல்ல வேண்டும். புதிதாகத் தொழில் பழகுகிறவர்கள் பயந்துகொண்டு தடிப்பாகவே விட்டுவிடுவார்கள்.

பக்கப் பலகை இன்னும் சோதிக்கும். மெல்லிய பட்டையை நனைத்து, சூடான இரும்புக் குழாயின்மேல் வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக வளைக்க வேண்டும். அவசரப்பட்டால் இடுப்பு வளைவில் படக்கென்று முறியும். சூடு அதிகமானால் கருகும்.

மெட்டுகள் விஷயத்தில் மன்னிப்பே கிடையாது. வீணையில் மெட்டுகளை மெழுகில் பதிப்பார்கள்; சுருதி தவறினால் மெழுகை இளக்கி மாற்றி வைக்கலாம். யுகுலேலேயில் வாள் கொண்டு வெட்டிய கோட்டில் கம்பியை அடித்து இறக்குவார்கள். மயிரிழை தவறினாலும் அது தவறினதுதான். மேல் முனையிலிருந்து குதிரை வரை உள்ள நீளம் சுமார் முப்பத்து நான்கு சென்டிமீட்டர். அதில் பதினெட்டில் ஒரு பங்கு தள்ளி முதல் மெட்டு. மீதி நீளத்தில் பதினெட்டில் ஒரு பங்கு தள்ளி இரண்டாவது. இப்படியே போவது பழைய கைவினைஞர்களின் கணக்கு. பன்னிரண்டாவது மெட்டு ஏறக்குறைய நடுவில் வந்து விழும்.

இதெல்லாம் மதீராவிலும் உள்ள வித்தைதான். ஆனால் ஹானலூலுவில் பிறந்தது மதீராவின் வாத்தியம் அல்ல. உடல் மசேட்டேயினுடையது, சுருதி வேறொன்றினுடையது. ரஜாவோ என்ற ஐந்து தந்தி வாத்தியமும் மதீராவில் உண்டு. அதில் நான்கு தந்திகளின் சுருதியை எடுத்து மசேட்டேயின் சிறிய உடலில் ஏற்றிவிட்டார்கள். அதனால் இடது கை விரல்களுக்கு வேலை சுலபமாயிற்று. ஒரு விரலை மட்டும் வைத்தே ஒரு பாட்டுக்குத் துணையாக வாசிக்க ஆரம்பித்துவிடலாம்.

மரமும் மாறியது. ஹவாய்க் காடுகளில் கோவா என்றொரு மரம் உண்டு. நம் ஊர் வேல மரத்துக்குத் தூரத்து உறவு. செம்பழுப்பு நிறம், அலையலையான ரேகை. அந்த மரத்தைக் குடைந்துதான் தீவுவாசிகள் படகு செய்தார்கள். மதீரா தச்சர்கள் அதை எடுத்து வாத்தியம் செய்ததால், ஜனங்களுக்கு அது அந்நியமாகத் தோன்றவில்லை.

யுகுலேலே என்றால் ஹவாய் மொழியில் துள்ளும் தெள்ளுப்பூச்சி. தந்திகளின்மேல் விரல் ஓடும் வேகத்தைப் பார்த்து வைத்த பெயர் என்பது வழக்கு. இங்கே வந்து சேர்ந்த பரிசு என்று பொருள் கொண்டவர் லிலியுவோகலானி ராணி.

ராஜாவின் ஆதரவு

அப்போது ஹவாயை ஆண்டவர் கலகவுவா மன்னர். பாதிரிமார்கள் ஒடுக்கி வைத்திருந்த ஹூலா நடனத்துக்கு மறுபடி உயிர் கொடுத்தவர். இந்தப் புது வாத்தியம் அவருக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. டியாஸ் அரண்மனைக்குப் போய் வாசிப்பதுண்டு. 1886-ல் மன்னரின் ஐம்பதாவது பிறந்த நாள் விழாவில் ஹூலாவுக்கு யுகுலேலே பக்க வாத்தியமாயிற்று. கூலிக்காரர்களின் பொழுதுபோக்கு ராஜசபை ஏறிவிட்டது.

கலகவுவா 1891-ல் காலமானார். 1893-ல் முடியாட்சி கவிழ்க்கப்பட்டது. 1898-ல் ஹவாய் அமெரிக்காவோடு சேர்க்கப்பட்டது. ராஜ்யம் போயிற்று, வாத்தியம் நின்றது.

யார் கண்டுபிடித்தது?

மூவரில் எஸ்பிரிட்டோ சாண்டோ 1905-ல் இறந்தார். டியாஸ் 1915-ல் இறந்தார். நூனெஸ் மட்டும் எஞ்சினார். யுகுலேலேயை 1879-ல் கண்டுபிடித்தவர் தாமே என்று அவருடைய கம்பெனி விளம்பரம் செய்தது.

இந்தக் கணக்கு உதைக்கிறது. 1879-ல் அவர் கப்பலை விட்டு இறங்கியதே ஆகஸ்டு மாதக் கடைசியில். பட்டறை வைத்தது சில வருஷம் கழித்து. கூட இருந்த இருவரும் அதே வாத்தியத்தைச் செய்து விற்றவர்கள். மறுத்துச் சொல்ல அவர்கள் உயிரோடு இல்லை. ஒருவருடைய மூளையில் மட்டும் உதித்த பொருள் அல்ல இது. மூன்று பட்டறைகளில் அடித்துத் திருத்தி உருவானது. ஆனால் வியாபாரத்தில் உரக்கச் சொன்னவன் பெயர்தான் எழுதப்படுகிறது.

1915-ல் சான்பிரான்சிஸ்கோவில் பெரிய பொருட்காட்சி நடந்தது. ஒன்றரைக் கோடிக்கும் மேலானவர்கள் வந்து பார்த்தார்கள். ஹவாய் மண்டபத்தில் கேட்ட யுகுலேலே அமெரிக்காவையே பைத்தியமாக அடித்தது. நூனெஸும் பிள்ளைகளும் செய்து மாளவில்லை. ஒரு மகன் லியோனார்டோ லாஸ் ஏஞ்சல்ஸ் நகரிலேயே பட்டறை போட்டார்.

பெரிய கம்பெனிகளும் களத்தில் இறங்கின. கிதாருக்குப் பேர்போன மார்ட்டின் கம்பெனி 1907 வாக்கிலேயே சிலவற்றைச் செய்து பார்த்திருந்தது. கிதாரைச் செய்வதுபோல் உள்ளே அதிகமான சட்டம் கொடுத்துக் கட்டியதால் நாதம் எழும்பவில்லை. லேசாகச் செய்ய வேண்டும் என்று புரிந்துகொண்டு மறுபடி செய்த பிறகுதான் விலை போயிற்று. நூறு தொழிலாளர் உள்ள கம்பெனியானாலும் புது வாத்தியத்தின் முன் கற்றுக்குட்டிதான்.

சீடப்பிள்ளை

நூனெஸிடம் வேலை பழகியவர்களில் ஒருவர் சாமுவேல் கமாகா என்ற ஹவாய்க்காரர். மதீரா தச்சனிடம் வித்தை கற்ற தீவுப் பிள்ளை. அவர் 1916-ல் தம் வீட்டின் அடித்தளத்தில் சொந்தத் தொழில் தொடங்கினார்.

குரு செய்தபடியே செய்துகொண்டிருக்கவில்லை. 1920-களில் இடுப்பே இல்லாத, முட்டை வடிவ யுகுலேலே ஒன்றைச் செய்தார். அன்னாசிப் பழம் போல் இருந்ததால் அதுவே பெயராயிற்று. பெட்டிக்குள் இடம் அதிகம், நாதமும் கனம். பக்கப் பலகை முறியும் அந்த இடுப்பு வளைவும் இல்லாமல் போயிற்று. இந்த வடிவத்துக்கு 1928-ல் பேட்டண்டு வாங்கினார்.

நூனெஸ் 1922-ல் காலமானார். கமாகா 1953-ல் காலமானார். கமாகாவின் பிள்ளைகள் பட்டறையை ஏற்று நடத்தினார்கள். அங்கே காது கேளாத பலருக்கு வேலை கொடுத்தார்கள். வாத்தியப் பட்டறையில் செவிடருக்கு என்ன வேலை என்று கேட்கத் தோன்றும். அவர்கள் பலகையை விரலால் தட்டி, அதில் ஓடும் அதிர்வைக் கையால் உணர்ந்தே எவ்வளவு இழைக்க வேண்டும் என்று நிதானித்தார்கள். அந்தக் குடும்பத்தார் ஹானலூலுவில் இன்றும் கோவா மரத்தில் யுகுலேலே செய்து வருகிறார்கள்.