இன்சுலின் கண்ட டாக்டர் பான்டிங்

அந்தியில் கணக்குப் பாராமல் கல்லாவைப் பூட்டும் வியாபாரி நம்மில் இல்லை. ஆனால் இரத்தத்தில் ஓடும் சர்க்கரையின் கணக்கைப் பாராமல் காலம் கழிப்போர் நம்மில் பலர் உளர். அக்கணக்கின் அருமையை விளங்கிக்கொள்ள டாக்டர் பிரெடரிக் பான்டிங்கின் வரலாறு உதவும்.

கனடாவில் அலிஸ்டன் என்னும் சிற்றூர் அருகே, விவசாயக் குடும்பத்தில் 1891 நவம்பர் 14-ல் அன்னார் பிறந்தார். முதல் உலக யுத்தத்தில் படை வைத்தியராகச் சென்று காயமுற்றுத் திரும்பினார். 1920 ஜூலையில் வைத்தியசாலை திறந்தார்; முதல் மாத வரும்படி நான்கே டாலர்! அவ்வாண்டு அக்டோபரில் ஓரிரவு, கணையத்தின் சாற்றைப் பிரித்தெடுத்தால் நீரிழிவுக்கு மருந்தாகும் என்ற எண்ணம் அவருக்கு உதித்தது.

டொராண்டோ சர்வகலாசாலையில் பேராசிரியர் மக்லியோட் ஆய்வுக்கூடமும், பெஸ்ட் என்ற மாணவரையும் தந்துதவினார். இரத்தச் சர்க்கரையை அளந்து குறிப்பது பெஸ்ட்டின் வேலை. 1921 ஜூலை 30-ல் கணையம் நீக்கப்பட்ட ஒரு நாய்க்குச் சாற்றைச் செலுத்தினர். ஒரு மணி நேரத்தில் சர்க்கரை 200-லிருந்து 120-க்கு இறங்கிற்று.

1922 ஜனவரி 11-ல், உடல் மெலிந்து 65 ராத்தலே எடையிருந்த 14 வயதுச் சிறுவன் லெனர்ட் தாம்சனுக்கு அம்மருந்தை ஏற்றினர். 440 இருந்த சர்க்கரை 320-க்குத்தான் இறங்கியது. ஊசி குத்திய இடமும் பழுத்தது. மருந்து போதாது என்பதை அளவே உணர்த்திற்று. காலிப் என்ற இரசாயன நிபுணர் சாற்றைச் சுத்தம் செய்தார். ஜனவரி 23-ல் மீண்டும் ஏற்றியபோது, ஒரே நாளில் 520 என்பது 120 ஆயிற்று. இன்று நம் கருவியில் பார்த்தால் 28.9-லிருந்து 6.7 ஆகும். சிறுவன் மேலும் 13 ஆண்டுகள் வாழ்ந்தான்.

மருந்து மிகுந்தால் சர்க்கரை அளவு மீறி இறங்கி வலிப்பு வரும் என்பதையும் முயல்களிடம் கண்டனர். ஆகவே ஏற்றமும் ஆபத்து, இறக்கமும் ஆபத்து.

1923-ல் மக்லியோடுடன் நோபல் பரிசு பெற்ற பான்டிங், தம் பங்குப் பணத்தில் பாதியைப் பெஸ்ட்டுக்கு ஈந்தார். மருந்தின் உரிமையை அவரும் பெஸ்ட்டும் காலிப்பும் தலைக்கு ஒரு டாலருக்குச் சர்வகலாசாலைக்கு விட்டுக்கொடுத்தனர். 1941 பிப்ரவரி 21-ல் விமான விபத்தில் காலமானார். அன்னாரின் பிறந்த தினமே உலக நீரிழிவு தினமாகும்.

அன்று ஆய்வுக்கூடத்தில் மட்டும் நடந்த சோதனை, இன்று விரல் நுனியின் ஒரு துளி இரத்தத்தில் சில வினாடிகளில் முடிகிறது. நாசி கண்டாரும் தே தாரிக்கும் நிறைந்த பினாங்கில் வாழும் நமக்கு இது பெரும் உதவியன்றோ? நோன்பு காலத்திலும் தயங்க வேண்டாம். துளி இரத்தம் எடுப்பதால் நோன்பு முறியாது என்பது உலமாக்கள் பெரும்பாலோரின் கருத்து. அளவு 3.9-க்குக் கீழே இறங்கினாலோ, 16.6-க்கு மேலே ஏறினாலோ நோன்பைத் திறந்துவிட வேண்டும் என வைத்தியர்கள் அறிவுறுத்துகின்றனர். நோயாளிக்கு அல்லாஹ் அளித்த சலுகையை மறுத்து உயிரைப் பணயம் வைத்தல் ஆகாது.

வல்ல இறைவன் நம் யாவர்க்கும் நற்சுகம் அருள்வானாக! ஆமீன்.