காவிரியைத் தேக்கிய பொறியாளர்

ஆறுகள் எல்லைக் கற்களைப் பார்த்து ஓடுவதில்லை. பேராவின் வடக்கே ஓடும் கிரியான் ஆறு பேரா, கெடா, பினாங்கு என மூன்று மாநிலங்களுக்கும் உறவாகிறது. இவ்வாறு பலருக்குப் பொதுவான ஆற்றில் அணை கட்ட முனைந்தவர் பொறியாளர் மோட்சகுண்டம் விசுவேசுவரய்யா.

இவர் மைசூர் சமஸ்தானத்தின் முத்தனஹள்ளி என்னும் சிற்றூரில் 1861ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் பிறந்தார். இளமையிலேயே தந்தையை இழந்தார். மாணவர்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்து ஈட்டிய பணத்தில் பெங்களூரில் பயின்றார். பின்னர்ப் பூனாவில் பொறியியல் கற்று, பம்பாய் மாகாணப் பொதுப்பணித் துறையில் சேர்ந்தார். வெள்ளம் உயர்ந்தால் தானே திறந்துகொள்ளும் மதகுகளை வடிவமைத்தார். அவை 1903இல் பூனாவுக்கு அருகிலுள்ள கடக்வாஸ்லா நீர்த்தேக்கத்தில் பொருத்தப்பட்டன.

1909இல் மைசூரின் தலைமைப் பொறியாளரானார். அங்கே மழை பொய்த்தால் வயல்கள் காய்ந்தன. கோலார் தங்கச் சுரங்கங்களுக்கு மின்சாரம் வழங்கிய சிவசமுத்திர மின்நிலையமும் கோடையில் நீரின்றித் தவித்தது. இவ்விரு குறைகளையும் தீர்க்கக் கண்ணம்பாடியில் காவிரியின் குறுக்கே பேரணை கட்டத் திட்டமிட்டார்.

ஆனால், கீழே இருந்த சென்னை மாகாணம் அஞ்சியது. தஞ்சை உழவர்களின் குறுவைப் பயிர், மைசூர்ப் பக்கம் பெய்யும் தென்மேற்குப் பருவமழை நீரையே நம்பியிருந்தது. அந்நீரை மேலேயே தேக்கிவிட்டால் தஞ்சை வயல்கள் என்னாவது? மலாயாவின் இரப்பர் தோட்டங்களுக்கு வந்த நம் முன்னோருள் பலர் அந்தக் காவிரிக்கரை ஊர்களைச் சேர்ந்தவர்களே.

மைசூர் 41.5 ஆயிரம் மில்லியன் கன அடி நீரைத் தேக்க விரும்பியது. சென்னையோ 11 ஆயிரம் மில்லியன் கன அடிக்கு மட்டுமே இசைந்தது. 1911இல் பணி தொடங்கியது. அணையைப் பின்னர் உயர்த்த ஏதுவாக அடித்தளம் அகலமாகவே போடப்பட்டது. இது சென்னையின் ஐயத்தை வளர்த்தது. வழக்கு நடுவரிடம் சென்றது. 1914இல் நடுவர் கிரிஃபின் அளித்த தீர்ப்பைச் சென்னை ஏற்காமல் மேல்முறையீடு செய்தது.

1912 முதல் 1918 வரை விசுவேசுவரய்யா மைசூரின் திவானாகப் பணியாற்றினார். அவர் பதவி விலகிய பின்னரும் பேச்சு தொடர்ந்தது. இறுதியாக, 1924 பிப்ரவரி 18இல் இரு தரப்பும் உடன்படிக்கை செய்துகொண்டன. கீழ்ப்பகுதியிலுள்ள மேலணைக்குக் குறித்த அளவு நீர் வந்து சேரும்படி விட்ட பின்னரே மைசூர் எஞ்சிய நீரைத் தேக்கலாம் என விதி வகுக்கப்பட்டது. சென்னையும் மேட்டூரில் அணை கட்டிக்கொள்ள வழி பிறந்தது. கண்ணம்பாடி அணை கிருஷ்ணராஜ சாகர் எனப் பெயர் பெற்றது. 1934இல் மேட்டூர் அணையும் எழுந்தது.

1955இல் இந்திய அரசு விசுவேசுவரய்யாவுக்குப் பாரத ரத்னா விருதளித்தது. நூறு அகவை கடந்து வாழ்ந்த அவர் 1962 ஏப்ரலில் மறைந்தார். அவர் பிறந்த நாளை இந்தியா பொறியாளர் நாளாகக் கொண்டாடுகிறது.

காவிரிப் பிணக்கு பிற்காலத்தில் மீண்டும் தலைதூக்கியது. ஆயினும், அளந்து பார்த்து, அமர்ந்து பேசி, எழுதி ஒப்புக்கொள்வதே பொது ஆற்றைப் பகிர்வதற்கான வழி என்பதை அவ்வுடன்படிக்கை உணர்த்துகிறது. கல்லும் சுண்ணமும் அணையை எழுப்பும். மேலூரானும் கீழூரானும் ஒருவர் தேவையை ஒருவர் மதித்தால்தான் அந்த அணை இருவருக்கும் பயன்படும்.