ஒப்பந்தம் ஒரு வழி, வகுப்பறை வேறு வழி

சேக்காட்டிலிருந்து பட்டாபிராமுக்கும் திருவள்ளூருக்கும் கல்லூரி செல்லும் நம் மாணவர்கள் பலரின் வீடுகளில் திட்டம் ஒன்றே: பட்டம், பிறகு அரசுப் பணி. திருவள்ளூரை அடுத்த பட்டரைப்பெரும்புதூரில் உள்ள அரசு சட்டக் கல்லூரி எவர் பெயரைத் தாங்கியிருக்கிறதோ, அந்த அண்ணல் அம்பேத்கருக்கும் தொடக்கத்தில் வகுக்கப்பட்டது அத்தகைய திட்டமே.

பரோடா மன்னர் சயாஜிராவ் கெய்க்வாட் வழங்கிய மாதம் 25 ரூபாய் உதவியில் பயின்று, 1912இல் பம்பாய் எல்பின்ஸ்டன் கல்லூரியில் அவர் பட்டம் பெற்றார். 1913இல் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்கு அனுப்பப்பட்டபோது, படிப்பு முடிந்ததும் பத்தாண்டுகள் பரோடா அரசில் பணியாற்றுவதாக ஒப்பந்தம் எழுதிக் கொடுத்தார். சட்டத்தின் பார்வையில் அவரது எதிர்காலம் அன்றே முடிவாகிவிட்டது.

நியூயார்க்கில் அவருடைய முதன்மைப் பாடம் பொருளியல். ஆயினும் வரலாறு, சமூகவியல், மெய்யியல், மானுடவியல் வகுப்புகளுக்கும் சென்றார். ஜான் டூயியிடம் பயின்றார். 1916 மே 9 அன்று கோல்டன்வைசரின் மானுடவியல் கருத்தரங்கில் இந்தியச் சாதிகளின் தோற்றம் குறித்துக் கட்டுரை வாசித்தார். சாதி நிலைத்திருப்பதற்கு அகமணமுறையே அடிப்படை என்று அதில் நிறுவினார். அதுவரை தாம் அனுபவித்த இழிவை, ஆராய்ந்து அறியத்தக்க ஓர் அமைப்பாக அவர் அங்கே எடுத்து வைத்தார். அலுவலராகத் திரும்ப வேண்டியவர் ஆய்வாளராக மாறிக்கொண்டிருந்தார்.

அடுத்து இலண்டனில் பொருளியலும் சட்டமும் பயிலத் தொடங்கினார். 1917இல் உதவித்தொகைக் காலம் முடிந்தது. படிப்பு பாதியில் நின்றது. ஒப்பந்தப்படி பரோடாவில் பணியேற்றார். அங்கே அவருக்குத் தங்க இடம் தருவார் இல்லை. சாதியை மறைத்துத் தங்கிய பார்சி விடுதியிலிருந்தும் பதினோராம் நாள் தடியேந்திய கூட்டம் வெளியேற்றியது. ஒப்பந்தத்தின் கடமையை அவர் ஏற்றார். அதை நிறைவேற்றச் சாதி விடவில்லை.

பின்னர் பம்பாய் சிடனாம் கல்லூரியில் கற்பித்துச் சேமித்த பணத்துடனும், கோலாப்பூர் சாகு மகாராசரின் துணையுடனும் 1920இல் இலண்டன் மீண்டார். ரூபாயின் சிக்கல் குறித்த ஆய்வுக்கு 1923இல் டி.எஸ்சி. பட்டமும், பாரிஸ்டர் தகுதியும் பெற்றுத் திரும்பினார். மறு ஆண்டே பகிஷ்கிருத ஹிதகாரிணி சபை பிறந்தது. 1927இல் மகாடு குளத்துக்குப் பேரணி நடந்தது.

இவ்வரலாற்றில் நாம் கவனிக்க வேண்டியது பணத்தின் பங்கு. தொகை கிடைத்த ஆண்டுகள் அவர் சிந்தனையை மாற்றின. தொகை நின்றதும் அவரது படிப்பு மூன்றாண்டுகள் தடைப்பட்டது. வைசிராயின் நிர்வாகக் குழுவில் அவர் உறுப்பினராக இருந்த 1944இல்தான் பட்டியல் சாதியினருக்கான மெட்ரிக் பிந்தைய கல்வி உதவித்தொகை தொடங்கப்பட்டது. எனவே உதவித்தொகையை வெறும் கட்டண ஈடாக நாம் கருதலாகாது. வீட்டார் வகுத்த திட்டத்துக்கு அப்பாலும் சிந்திக்க ஒரு மாணவருக்குக் கிடைக்கும் அவகாசம் அது. அத்தொகை தாமதமாகும் ஒவ்வொரு மாதமும் பறிபோவது அந்த அவகாசமே. உரிய நாளில் அதைக் கேட்டுப் பெறுவது மாணவரின் உரிமை. அதற்குத் துணை நிற்பது நம் கடமை.