சிலேட்டில் வளர்ந்த பை

மார்ச் மாதம் 14ஆம் திகதி காலையில் வகுப்புத் தலைவி கரும்பலகையின் மூலையில் திகதி எழுதும்போது சற்றுக் கவனியுங்கள். ஆண்டு, மாதம், நாள் என்று நம் வழக்கப்படி எழுதினால் கடைசியில் 03.14 என்று வந்து நிற்கும். வட்டங்களைப் பற்றிய பாடத்தில் நாம் சந்திக்கும் அதே எண்தான். இதை ஒரு கொண்டாட்டமாக்கியவர் சான் பிரான்சிஸ்கோ நகரின் அறிவியல் அரும்பொருளகம் ஒன்றில் பணியாற்றிய லாரி ஷா. 1988இல் அவரும் கூட வேலை செய்தவர்களும் வட்டமாகச் சுற்றி நடந்து, பழம் வைத்துச் சுட்ட ‘பை’ என்னும் பலகாரத்தைத் தின்று அந்த நாளைக் கழித்தார்கள். கணிதத்துக்கும் பலகாரத்துக்கும் ஓசை ஒன்று என்பதுதான் காரணம். நமக்கோ பை என்றால் முதுகில் கனக்கும் புத்தகப் பைதான்! விளையாட்டாகத் தொடங்கிய அந்த நாளை 2019இல் யுனெஸ்கோ சர்வதேச கணித தினமாக அறிவித்தது.

வீட்டில் உம்மா சுடும் ரொட்டியின் விளிம்பை நூலால் அளந்து, அந்த நீளத்தை ரொட்டியின் விட்டத்தால் வகுத்துப் பாருங்கள். மூன்றும் சொச்சமும் வரும். ரொட்டியானாலும் லொறிச் சில்லானாலும் அந்தச் சொச்சம் மாறாது. அதன் பெயர்தான் பை. பாடப்புத்தகத்தின் 22/7 இரண்டு தசமதானம் வரைதான் சரி. உண்மையான பெறுமானத்துக்கு முடிவே கிடையாது. சமர்கந்தில் வாழ்ந்த ஜம்ஷீத் அல்-காஷி, 80 கோடிக்கு மேற்பட்ட பக்கங்களைக் கொண்ட பல்கோணி ஒன்றை மனத்தில் வைத்து, 1424இல் அதை 16 தசமதானம் வரை பிழையின்றிக் கணித்தார். அண்டம் முழுவதன் சுற்றளவைக் கணித்தாலும் ஒரு குதிரை மயிரின் தடிப்புக்கு மேல் பிழை வரக்கூடாது என்பது அவர் வைத்துக்கொண்ட குறி.

பல்கோணியை விட்டுவிட்டு முற்றிலும் வேறொரு பாதையால் அதே எண்ணை நெருங்கியவர், நம் மொழி பேசிய சீனிவாச இராமானுஜன்.

1887 டிசம்பர் 22இல் ஈரோட்டில், தாயின் பிறந்த வீட்டில் பிறந்தார். வளர்ந்தது கும்பகோணத்தில். தகப்பனார் துணிக்கடை ஒன்றில் லிகிதர். இரண்டு வயதில் வந்த பெரியம்மையிலிருந்து பிழைத்ததே பெரிய காரியம். ஆரம்பப் பள்ளிப் பரீட்சையில் தஞ்சாவூர் மாவட்டத்திலேயே முதலிடம் பெற்றார். பதினாறு வயதளவில் கார் என்னும் ஆங்கிலேயர் தொகுத்த கணித நூலொன்று அவர் கைக்கு எட்டியது. ஏறத்தாழ 5000 தேற்றங்கள், பெரும்பாலும் நிறுவல் இல்லாமல். அதைப் படிக்க ஆரம்பித்த பிறகு அவருக்கு வேறு எந்தப் பாடமும் கண்ணில் படவில்லை.

விளைவு என்ன? 1904இல் பரிசுடன் பள்ளியை விட்டு வெளியேறியவர், கும்பகோணம் அரசுக் கல்லூரியில் கணிதம் தவிர்ந்த பாடங்களில் சித்தியடையாமல் புலமைப்பரிசிலை இழந்தார். வீட்டுக்குச் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்கு ஓடிப்போனார். பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்து, அங்கும் இரண்டு தடவை தோற்றார். இருபது வயதில் கையில் சான்றிதழும் இல்லை, தொழிலும் இல்லை. பெறுபேறு வரும் நாளில் நம் வீடுகளில் நிலவும் அமைதியை அறிந்தவர்களுக்கு அந்த வீட்டின் நிலையைச் சொல்லத் தேவையில்லை.

கடதாசி விலை அதிகம். அதனால் சிலேட்டில் கணக்குப் போட்டு, துணி தேட நேரமில்லாமல் முழங்கையாலேயே அழித்து, விடையை மட்டும் குறிப்பேட்டில் எழுதிக்கொள்வார். அந்தக் குறிப்பேடுகளில் முடிவுகள் மட்டும் வரிசையாக இருக்க, வந்த வழி காணப்படாததற்கு இந்த முழங்கையும் ஒரு காரணம்.

1912 மார்ச்சில் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபா சம்பளத்தில் லிகிதர் வேலை கிடைத்தது. அடுத்த ஆண்டில் அவர் வெளியிட்ட சிறு கட்டுரையொன்று எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு வட்டத்துக்குச் சமமான பரப்புள்ள சதுரத்தை, பையின் இடத்தில் 355/113ஐக் கொண்டு வரைவது எப்படி என்று அதில் காட்டுகிறார். வட்டம் 140,000 சதுர மைல் பரப்பளவு கொண்டதாக இருந்தாலும் சதுரத்தின் பக்கத்தில் ஓர் அங்குலம் அளவே பிழை வருமாம். நம் இலங்கை சுமார் 25,000 சதுர மைல்தான்! ஐந்து இலங்கைகளையும் விடப் பெரிய நிலத்தில் ஓர் அங்குலம்.

1913 ஜனவரியில், நூற்றுக்கும் மேற்பட்ட தேற்றங்களுடன் கேம்பிரிஜ் பேராசிரியர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். முன்பு வேறு இருவருக்கு எழுதிப் பயன் கிடைத்திருக்கவில்லை. ஹார்டி ஓரிரவு நண்பர் லிட்டில்வுட்டுடன் அமர்ந்து படித்து, எழுதியவர் சாதாரணமானவர் அல்லர் என்று கண்டுகொண்டார். 1914 மார்ச் 17இல் இராமானுஜன் சென்னையில் கப்பலேறினார். இன்றைய பை தினத்துக்கு மூன்று நாள் பிந்திய திகதி.

அதே ஆண்டில்தான் பை பற்றிய அவருடைய பெரிய கட்டுரை வெளியானது. அதில் பதினேழு முடிவிலித் தொடர்கள் இருக்கின்றன. அவற்றுள் புகழ்பெற்ற ஒன்றில் முதல் உறுப்பை மட்டும் எடுத்தாலே ஆறு தசமதானம் சரியாக வரும். மேலும் ஒவ்வோர் உறுப்பும் ஏறத்தாழ எட்டு இலக்கங்களைக் கூட்டித் தரும். அந்தத் தொடர் நமக்குக் கடினம். ஆனால் அவர் தந்த இன்னொரு சூத்திரத்தை இப்போதே சரிபார்க்கலாம். 19இன் வர்க்கத்தை 22ஆல் வகுத்து, 9இன் வர்க்கத்தைக் கூட்டுங்கள். வர்க்கமூலம் எடுங்கள். வந்த விடைக்கு மீண்டும் ஒருமுறை வர்க்கமூலம் எடுங்கள். கணிப்பானில் 3.14159265 தோன்றும். எட்டுத் தசமதானமும் சரி.

இங்கிலாந்தில் குளிர், சைவ உணவு கிடைக்காத கஷ்டம், முதலாம் உலகப் போர். 1917இல் நோயில் விழுந்தார். மருத்துவமனையில் பார்க்க வந்த ஹார்டி, தான் வந்த டாக்சியின் எண் 1729 சுவையற்றது என்று சொல்ல, இரு கனங்களின் கூட்டுத்தொகையாக இரண்டு விதத்தில் எழுதக்கூடிய மிகச் சிறிய எண் அதுவே என்று படுக்கையிலிருந்தே விடை வந்தது. 1918இல் ரோயல் சொசைட்டியின் அங்கத்தவரானார். 1919இல் ஊர் திரும்பி, 1920 ஏப்ரல் 26இல் சென்னை சேத்துப்பட்டில் காலமானார். வயது 32.

அவர் மனைவி ஜானகியைப் பற்றிப் பலர் எழுதுவதில்லை. 1909இல் திருமணம் நடந்தபோது ஜானகிக்குப் பத்து வயது. அவர் இங்கிலாந்தில் இருந்த ஐந்தாண்டுகளும் ஜானகி இங்கேதான். மாமியாருடன் பிணக்கு, கணவர் எழுதிய கடிதங்கள் கைக்கு வந்து சேரவில்லை. அவரோடு சேர்ந்து வாழக் கிடைத்த கடைசி ஓராண்டு, நோயாளிக்குப் பணிவிடை செய்த ஆண்டு. கணவர் இறக்கும்போது ஜானகிக்கு 21 வயது. பிறகு பம்பாயில் சகோதரர் வீட்டில் சில காலம் இருந்து தையல் கற்றுக்கொண்டு, சென்னை திருவல்லிக்கேணிக்குத் திரும்பி, துணி தைத்தும் பெண்பிள்ளைகளுக்குத் தையல் சொல்லிக் கொடுத்தும் வாழ்ந்தார். இறந்துபோன தோழியொருவரின் மகனை எடுத்து வளர்த்து ஆளாக்கினார்.

இதற்கிடையே கணவரின் கணக்குகள் உலகைச் சுற்றிக்கொண்டிருந்தன. 1976இல், தொலைந்ததாகக் கருதப்பட்ட அவருடைய கடைசிக் காலத் தாள்கள் கேம்பிரிஜ் நூலகத்தில் கிடைத்தன. 1985இல் கொஸ்பர் என்ற அமெரிக்கர் அந்தப் பழைய தொடரைக் கணினியில் இட்டு, பையை 1 கோடியே 75 இலட்சம் இலக்கங்கள் வரை கணித்தார். பின்னர் சுட்னோவ்ஸ்கி சகோதரர்கள் அதே பாதையில் சென்று இன்னும் வேகமான தொடர் ஒன்றைக் கண்டார்கள். 2022இல் கோடியைக் கோடியால் பெருக்கிய எண்ணிக்கையில் இலக்கங்கள் வந்தது அந்தத் தொடரால்தான். இந்தியா டிசம்பர் 22ஐத் தேசிய கணித தினமாக்கியுள்ளது.

கணவருக்குச் சிலை வைப்பதாகச் சொன்னார்களே, எங்கே என்று முதுமையில் ஜானகி கேட்டது பத்திரிகையில் வந்தது. அதை அறிந்த அமெரிக்கக் கணிதவியலாளர் ரிச்சர்ட் ஆஸ்கி பல நாட்டுக் கணிதவியலாளர்களிடம் பணம் சேர்த்தார். சிற்பி போல் கிரான்லண்ட், இராமானுஜனின் கடவுச்சீட்டுப் படத்தைப் பார்த்து வெண்கல மார்புச் சிலை வார்த்தார். அவற்றில் ஒன்று ஜானகியின் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. 1994இல், 95ஆவது வயதில் கண்மூடும் வரை அது அவரிடம் இருந்தது.