அபூ ஸலமாவை விடச் சிறந்தவர் யார்?

மக்ஸூம் கோத்திரத்தில் பிறந்த ஹிந்த் பின்த் அபீ உமையாவை, மூத்த மகனின் பெயரால் உம்மு ஸலமா (ரழி) என்றே நாம் அறிவோம். கணவர் அபூ ஸலமா (ரழி) அவர்கள் நபி (ஸல்) அவர்களின் மாமி மகன். பால்குடிச் சகோதரரும் கூட. அபீசீனியாவுக்கு ஹிஜ்ரத் சென்று திரும்பிய தம்பதியர் அவர்கள்.

மதீனாவுக்குப் புறப்பட்ட அன்று உம்மு ஸலமாவின் குடும்பத்தார் ஒட்டகக் கயிற்றைப் பறித்து அவர்களைத் தடுத்துக்கொண்டார்கள். கணவரின் குடும்பத்தாரோ பிள்ளை தங்களுடையது என்று இழுத்தார்கள். அந்த இழுபறியில் குழந்தையின் கை பிசகிவிட்டது. கணவர் மதீனாவில், மகன் ஒரு வீட்டில், தாய் இன்னொரு வீட்டில். ஏறத்தாழ ஒரு வருடம், தினமும் அப்தஹ் வெளிக்குச் சென்று மாலைவரை அழுதார்கள். கடைசியில் உறவினர் ஒருவர் இரங்கியதால் விடுதலை கிடைத்தது. பிள்ளையும் கைக்கு வந்தது. தனியே ஒட்டகமேறியவர்களை, அப்போது இஸ்லாத்தைக்கூட ஏற்றிராத உஸ்மான் இப்னு தல்ஹா, தன்ஈமில் கண்டு குபா வரை கண்ணியமாகக் கொண்டுவந்து விட்டார்.

இத்தனை பாடுபட்டுச் சேர்ந்த வாழ்வு நீடிக்கவில்லை. உஹதில் கணவருக்குப் பட்ட காயம் ஆறியதுபோலிருந்து மீண்டும் திறந்துகொண்டது. ஹிஜ்ரி 4இல் அபூ ஸலமா (ரழி) வபாத்தானார்கள்.

சோதனைக்குக் கூலியையும், இழந்ததைவிடச் சிறந்த பகரத்தையும் அல்லாஹ்விடம் கேட்கும் துஆவை நபியவர்கள் கற்றுக்கொடுத்திருந்தார்கள். அதை ஓதவேண்டிய வேளையில் உம்மு ஸலமாவின் மனம் தடுமாறியது. அபூ ஸலமாவை விடச் சிறந்தவர் யார் இருக்க முடியும்? ஆனாலும் ஓதினார்கள். இந்தத் தடுமாற்றத்தை அவர்கள் மறைக்கவில்லை. பிற்காலத்தில் தாமே அறிவித்ததால்தான் ஹதீஸ் நூல்களில் அதை வாசிக்கிறோம். ஈமான் குறைந்தவரின் கேள்வியல்ல அது, கணவரை நேசித்த ஒரு பெண்ணின் கேள்வி. எப்படி நிறைவேறும் என்று தெரியாமலே கேட்ட துஆ.

இத்தா முடிந்தபின் நபியவர்களே பெண் கேட்டு அனுப்பினார்கள். உடனே சம்மதம் கிடைக்கவில்லை. வயதாகிவிட்டது, பிள்ளைகள் இருக்கிறார்கள், ரோஷமும் அதிகம் என்று உம்மு ஸலமா தயங்கினார்கள். நபியவர்களோ தமக்கும்தான் வயதாகிறதென்றார்கள். ரோஷம் நீங்க துஆச் செய்வதாகவும், பிள்ளைகளுக்கு அல்லாஹ்வும் அவன் தூதரும் பொறுப்பென்றும் சொன்னார்கள்.

வாப்பாவை இழந்த அப்பிள்ளைகள் நபியவர்களின் வீட்டில் வளர்ந்தார்கள். பிஸ்மில்லாஹ் சொல்லி, வலக்கையால், முன்னாலிருப்பதை மட்டும் உண்ணும்படி நம் உம்மாமார் சொல்லித்தருவார்களே, அது உணவுத் தட்டெங்கும் கையை ஓடவிட்ட மகன் உமருக்கு நபியவர்கள் கற்பித்த பாடம்.

ஹிஜ்ரி 6இல் உம்ரா செய்யும் ஆசையுடன் வந்த சுமார் 1400 பேர் ஹுதைபிய்யாவில் தடுக்கப்பட்டார்கள். உடன்படிக்கை எழுதியாயிற்று, இனித் திரும்ப வேண்டும். குர்பானியை அறுத்துத் தலையை மழிக்கும்படி நபியவர்கள் மூன்று தடவை பணித்தும் துக்கத்தில் ஒருவரும் எழவில்லை. கேட்டது கிடைக்காத மனதை உம்மு ஸலமாவைவிட அறிந்தவர் அந்தக் கூடாரத்தில் யார்? எவருடனும் பேசாமல் வெளியே சென்று, முதலில் தமது பிராணியை அறுத்துத் தலையை மழித்துக்கொள்ளும்படி நபியவர்களுக்கு ஆலோசனை சொன்னார்கள். நபியவர்கள் அப்படியே செய்தார்கள். அதைக் கண்டதும் எல்லோரும் எழுந்து அறுத்தார்கள். ஒருவர் தலையை ஒருவர் மழிக்கத் தொடங்கினார்கள்.